தலைதட்டி ஒரு கப்

ஒஹையோவிலிருந்து எமீமாள் மைனி அனுப்பியதில்
மாவு இரண்டேகால் கப்,
வெண்ணெய் ஒரு குச்சி.
வெண்ணெயில ஏதுக்கா குச்சி என்று
பேச்சிக்கனி சிரித்த சிரிப்பில்
சல்லடையிலிருந்த மைதா பாதி தரைக்குப் போனது.

லீட்ஸிலிருந்து கெத்சியாள் அனுப்பியதில்
மாவு பத்து அவுன்ஸ்,
பால் கால் பைண்ட்,
அடுப்பு நாலாம் நம்பர்.
எங்கள் அடுப்பில் நம்பரே கிடையாது.
வண்ணார்பேட்டையில் வாங்கிய அன்று இருந்ததை
ஏழு வருஷத் துணி துடைத்துவிட்டது.
குமிழைக் கடிகாரத்து இரண்டரை பக்கம் திருப்பினால்
நூற்றெண்பது டிகிரி.
எனக்கும் பேச்சிக்கனிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு.

ஜனவரியில் என் மகன் கல்யாணம்.
அத்தைமார் இரண்டு பேரும் வருகிறார்கள்,
தனித்தனி விமானத்தில்.
கேக்கின் கீழ் அடுக்கு மூத்தவள் சொன்னபடி,
மேல் அடுக்கு இளையவள் சொன்னபடி.
வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்ததிலிருந்து
பதினோரு வருஷமாய்ப் பேச்சு இல்லை.
அந்த வீடு இருப்பது சமாதானபுரத்தில்.

முதலில் நகைக்கடைத் தராசு மாதிரி
குட்டியாய் ஒன்று வாங்கினேன்.
கப்பை மூட்டைக்குள் விட்டுக் கோரினால்
நூற்றைம்பது கிராம்.
கரண்டியால் தூவி நிரப்பித்
தலைதட்டினால் நூற்றிருபத்தைந்து.
அதே கப்தான்.
பேச்சிக்கனி கோருகிறவள்.
நான் தூவுகிறவள்.
மைனி எந்தக் கை என்று
செய்முறையில் எழுதவில்லை.

பைண்டிலும் தகராறு.
அங்கே பதினாறு அவுன்ஸ், இங்கிலாந்தில் இருபது.
தெரியாமல் அமெரிக்கக் கணக்கில் ஊற்றிய அன்று
இருபத்துநாலு மில்லி பால் குறைந்து
கெத்சியாளின் கேக் தலைவெடித்து நின்றது
சித்திரையில் குளத்து வண்டல் போல.
ஆசீர்வாதம் அதையும் தின்றார்.
அவருக்கு எந்த ஊர்க் கேக்கும் காப்பியில் முக்குவதற்குத்தான்.

முட்டை இரண்டு என்றால் அங்கெல்லாம் இரண்டு.
பாளை மார்க்கெட் முட்டைக்கு
உடைத்து ஊற்றி எடை பார்த்து
மூன்றாவதில் பாதி சேர்க்க வேண்டும்.
மீதிப் பாதி ஆம்லெட்.
ஒருத்தி மொலாசஸ் என்றாள்,
ஒருத்தி ட்ரீக்கிள் என்றாள்.
இரண்டுக்கும் உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.

கடைசியில் இரண்டையும் கிராமில் எழுதிக்
காலண்டர் பின்பக்கத்தில் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
மாவு இருநூற்று எண்பத்தொன்று.
மாவு இருநூற்று எண்பத்துமூன்று.
இரண்டு கிராம்.
ஒரு தும்மலுக்குத் தாங்காது.

சர்க்கரையில்தான் தூரம்.
நேற்று ராத்திரி கெத்சியாள் கூப்பிட்டாள்.
ஆர்டர், பூ, மண்டபம் எல்லாம் பேசி முடித்து
வைக்கப் போகிற நேரத்தில்,
“அவ எவ்ளோ சீனி போடச் சொல்லிருக்கா?”
இருநூற்றைம்பது என்றேன்.
“கீழ் அடுக்குலதான அவ தின்பா?”
ஆமா.
“அவளுக்கு சுகர் எவ்ளோ இருக்காம்?”

போன வாரம் மைனி புலம்பியது ஞாபகம் இருந்தது.
வெறும் வயிற்றில் நூற்று அறுபத்திரண்டு.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பத்தொன்பது வருஷம் அங்கே நர்ஸ் வேலை.
அங்கே ரத்தத்துக்கும் வேறு அளவு,
பதினெட்டால் வகுக்க வேண்டுமாம்.
“ஒம்பது,” என்றாள்.
பிறகு இன்னொரு முறை, மெதுவாக,
“ஒம்பதுல்லா இருக்கு.”

“நூத்தம்பது போடு.
நான் சொன்னேன்னு சொல்லாத.”

இன்று காலை நூற்றைம்பது போட்டேன்.
தராசு தயங்கி ஒன்று கூட்டிக் காட்டியது,
விரல்நுனியால் அதையும் எடுத்தேன்.
மைனி வந்து இறங்கியதும்
இனிப்பு ஏன் குறைவு என்று கேட்பாள்.
அளவு மாற்றும்போது
கணக்கில் பிசகிவிட்டது என்று
சொல்ல வைத்திருக்கிறேன்.

ஆனால் பக்கத்தில் நின்றது பேச்சிக்கனி.
அவளுக்கு எதையும் தலைதட்டி அளக்க வராது,
பேச்சையும்.